விரிசலா, இடைவெளியா?

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள், ஞாயிறு காலை ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில நீ பேசணும்டா, இருபது நிமிஷம்" என்றார். "என்ன தலைப்பு அண்ணா?" என்று கேட்டேன். "ஒற்றுமையைப் பத்தி ஏதாவது பேசு, எல்லாருக்கும் பொதுவா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். யோசித்துப் பார்த்தேன். பொதுவாகப் பேசினால் யாருக்கும் வலிக்காது. ஆனால் யாருக்கும் பிரயோஜனமும் இருக்காது. அதனால் மற்றவர்கள் வீட்டை விட்டுவிட்டு என் வீட்டு ஒற்றுமைக் குறைவைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன். நான் ஒரு பாப்டிஸ்ட். பாப்டிஸ்ட் சபைகள் ஏன் இப்படிப் பிரிந்து பிரிந்து நிற்கின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் இன்று நான் பேசப்போவது.

இங்கே உட்கார்ந்திருக்கிற என் இந்து நண்பர்களும் இஸ்லாமிய நண்பர்களும் "இது உங்க சபைச் சண்டை, எங்களுக்கென்ன?" என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் ஊர்க் கோயில் கமிட்டியிலோ, ஜமாத்திலோ, குடியிருப்போர் சங்கத்திலோ இதே சண்டை வேறு பெயரில் நடந்துகொண்டுதான் இருக்கும். பெயரை மாற்றிக்கொண்டு கேளுங்கள், கதை அச்சாகப் பொருந்தும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பாப்டிஸ்ட் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்து, தானே விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்கிறவருக்கு மட்டும் தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம். இரண்டாவது, எங்களுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு ஸ்தல சபையும் சுயாதீனமானது. போதகரைத் தெரிந்துகொள்வதும், கணக்குப் பார்ப்பதும், சொத்தைக் காப்பதும் அந்த ஊர் விசுவாசிகளின் பொறுப்பு. மேலே இருந்து ஒருவர் வந்து உத்தரவு போட முடியாது. இது எங்கள் பெருமை. எங்கள் வியாதியும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. மேலே யாரும் இல்லை என்பதால், சண்டை வந்தால் "சரி, நாங்க தனியாப் போறோம்" என்று சொல்வது எங்களுக்கு மிகவும் சுலபம்.

எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மிஷனரிகள் காலத்து காம்பவுண்ட், நடுவில் ஒரு கிணறு, ஒரு பக்கம் ஆலயம், மறுபக்கம் பள்ளிக்கூடம் நடந்த பழைய ஓட்டுக் கட்டடம், பின்னால் கல்லறைத் தோட்டம். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது புது ஆலயம் கட்ட வசூல் நடந்தது. வருஷக் கடைசிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "வசூல் கணக்கை வாசிங்க" என்றார். பொறுப்பில் இருந்தவர், "எங்க மேல சந்தேகமா?" என்றார். அவ்வளவுதான். கேட்டவரும் கெட்டவர் இல்லை, கோபப்பட்டவரும் பணத்தை எடுக்கவில்லை. பின்னால் கணக்கைப் பார்த்தபோது சல்லிக்காசு குறையவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும் நடுவே சபை இரண்டாகிவிட்டது. ஆறே மாதத்தில் ஓட்டுக் கட்டடத்தில் இன்னொரு ஆராதனை ஆரம்பமானது. இரண்டு சபைக்கும் பெயர்ப் பலகையில் ஒரே பெயர், ஒன்றில் மட்டும் "புதிய" என்று முன்னால் ஒரு வார்த்தை.

அன்றைக்குக் "கணக்கை வாசிங்க" என்று கேட்டவர் என் அப்பா. "எங்க மேல சந்தேகமா?" என்று கேட்டவர் என் தாய்மாமா.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. என் அக்கா கல்யாணம் ஓட்டுக் கட்டடத்து ஆராதனையில்தான் நடந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் கல்யாணமா? மாமா வந்தார். பட்டுப்புடவையும் மாலையும் வைத்த தட்டோடு காம்பவுண்ட் கேட் வரைக்கும் வந்து, அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். அம்மா ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். அக்கா மணமேடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா திரும்பியே பார்க்கவில்லை. ஒரே வேதம், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே விசுவாசம். நடுவே ஒரு கேட்.

சரி, இனி என் தொழிலுக்கு வருகிறேன். பாலங்களைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் வேலை. நீங்கள் பஸ்ஸில் ஒரு மேம்பாலத்தின் மேல் போகும்போது "டக்... டக்..." என்று ஒரே சீராகச் சத்தம் கேட்கும். அது பாலத்தின் பழுது அல்ல. தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே நாங்களே வேண்டுமென்று விட்டிருக்கிற இடைவெளி, எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட். 30 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம், வெப்பநிலை 30 டிகிரி ஏறி இறங்கினால் சுமார் 1 சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். அந்த 1 சென்டிமீட்டருக்கு இடம் விடாமல் "ஒற்றுமையாக இரு" என்று தளத்தை இறுக்கிப் பூட்டி வைத்தால், அது தனக்குத் தானே இடம் தேடிக்கொள்ளும். அதற்குப் பெயர் விரிசல்.

ஆக, இடைவெளி வேறு, விரிசல் வேறு. இடைவெளி திட்டமிட்டு விடப்பட்டது. இரண்டு பக்கமும் அசையலாம், ஆனால் பாரம் ஒரே தூணில் இறங்கும். விரிசல் யாரும் திட்டமிடாதது. அது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜாயிண்ட்டை அடிக்கடி சுத்தம் செய்யவேண்டும். மண்ணும் ஜல்லியும் விழுந்து அடைத்துக்கொண்டால், இடைவெளி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஸ்தல சபையின் சுயாதீனம் எங்கள் முன்னோர்கள் விட்ட இடைவெளி என்பது என் நம்பிக்கை. நாங்கள் அதைச் சுத்தம் செய்யாமல் விட்டதால்தான் இத்தனை விரிசல்.

கொஞ்சம் சரித்திரத்தைப் பார்ப்போம். 1609ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பிவந்த ஒரு சிறு கூட்டத்தில், ஜான் ஸ்மித் என்ற போதகர் முதலில் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். பிறகு தாமஸ் ஹெல்விஸ் முதலான மற்றவர்களுக்கும் கொடுத்தார். முதல் பாப்டிஸ்ட் சபை அது. கொஞ்ச காலத்திலேயே, தான் செய்தது சரியா என்று ஸ்மித்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த மென்னோனைட் சபையோடு சேர்ந்துவிடலாம் என்றார். ஹெல்விஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிந்தார்கள். எங்கள் முதல் சபையே பிறந்த ஓரிரு ஆண்டுகளில் இரண்டானது! எங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஒரு வேடிக்கையான ஆறுதல் இதுதான்.

ஹெல்விஸ் சண்டைக்காரர் மட்டும் அல்ல. 1612இல் அவர் லண்டனுக்குத் திரும்பி வந்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சபையை ஆரம்பித்தார். மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு ஒரு புத்தகமே எழுதினார். மனிதனுடைய ஆத்துமாவின் மேல் ராஜாவுக்கு அதிகாரம் கிடையாது என்பது அதன் சாரம். தன் கூட்டத்துக்கு மட்டும் அவர் அந்த உரிமையைக் கேட்கவில்லை. யூதருக்கும் முஸ்லிமுக்கும் சேர்த்துக் கேட்டார். அதற்குக் கிடைத்த பரிசு சிறை. எனவே எங்கள் சுயாதீனம் யாரோ சும்மா கொடுத்தது அல்ல, விலை கொடுத்து வாங்கியது. அதை விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் சுயாதீனம் என்றால் தனிமை என்று அர்த்தமா? 1644இல் லண்டனில் இருந்த 7 பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து ஒரே விசுவாச அறிக்கையை வெளியிட்டன. ஒவ்வொரு சபையும் தனித்தனியானது; ஆனாலும் ஒரே தலையின் கீழ் உள்ள ஒரே சரீரத்தின் அவயவங்களைப் போல ஒன்றுக்கொன்று ஆலோசனையும் உதவியும் செய்யவேண்டும் என்பது அதில் அவர்கள் ஒப்புக்கொண்ட கருத்து. எங்கள் சட்டத்தில் ஆரம்பத்திலேயே இரண்டு வாக்கியம் இருந்திருக்கிறது பாருங்கள். நாங்கள் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு, இரண்டாவதை மறந்துவிட்டோம்.

அடுத்து நம் நாட்டுக்கு வருவோம். வில்லியம் கேரியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செருப்புத் தைத்தவர், பின்னாளில் பல இந்திய மொழிகளில் வேதத்தை மொழிபெயர்த்தவர். 1792 அக்டோபர் 2ஆம் தேதி இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு வீட்டில் சில போதகர்கள் கூடி 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் காணிக்கை எழுதி ஆரம்பித்ததுதான் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம். மறு வருஷம் கேரி கல்கத்தா வந்தார். 1800ஆம் ஆண்டு ஜனவரியில் செராம்பூரில் ஜோஷுவா மார்ஷ்மன் குடும்பத்தோடும் வில்லியம் வார்டோடும் சேர்ந்து ஒரே வீடாக வாழ ஆரம்பித்தார். ஒரே சமையல், ஒரே பணப்பெட்டி. கேரிக்குக் கல்லூரியில் கிடைத்த சம்பளம், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளிக்கூட வருமானம், வார்டின் அச்சகத்து வருமானம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போனது.

அந்தக் குடும்பம் தனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டது. அதில் ஒரு விதியைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒருவருக்கொருவர் உள்ள மனஸ்தாபங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வதற்காகவே ஒதுக்கப்பட்டது! சண்டை வந்தால் பேசலாம் என்று அல்ல; சண்டை வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தியில் உட்காருவதற்கு முன் சனிக்கிழமையே கணக்கு முடிக்கவேண்டும். நான் பாலம் கட்டுகிறவன், எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. அதுதான் ஜாயிண்ட்.

அப்படி உட்கார்ந்த அந்த மூன்று பேரும் கடைசி வரை பிரியவில்லை. 1823இல் வார்ட் இறந்தார். 1834இல் கேரி இறந்தார். 1837இல் மார்ஷ்மன் இறந்தார். மரணம் தவிர வேறொன்றும் அவர்களைப் பிரிக்கவில்லை.

ஆனால் சனிக்கிழமை மாலையில் உட்காராதவர்களோடு என்ன நடந்தது? பின்னால் வந்த இளைய மிஷனரிகள் சிலர் ஒத்துப்போகாமல் பிரிந்துபோய், அதே ஹூக்ளி ஆற்றங்கரையில் கல்கத்தாவில் தனி ஊழியம், தனி அச்சகம் என்று ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் சங்கத்தின் செயலாளராகத் தாங்கி நின்ற ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815இல் இறந்த பிறகு, செராம்பூர் சொத்து யார் பெயரில் இருக்கவேண்டும், யார் நிர்வகிக்கவேண்டும் என்று லண்டன் கமிட்டிக்கும் செராம்பூருக்கும் தகராறு. ஒரு கடிதம் கப்பலில் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். கோபத்தில் எழுதிய கடிதம் போய்ச் சேர்கிறபோது எழுதியவருக்குக் கோபம் தணிந்திருக்கும். படிக்கிறவருக்கு அப்போதுதான் புதிதாகப் பற்றிக்கொள்ளும். 1827இல் இரண்டும் அதிகாரபூர்வமாகப் பிரிந்தன. மறுபடி சேர்ந்தது 1837இல். கேரி அதைப் பார்க்கவில்லை.

கவனியுங்கள். இந்தச் சண்டை ஞானஸ்நானத்தைப் பற்றியது அல்ல, வேதத்தைப் பற்றியது அல்ல. பத்திரம் யார் பெயரில், கணக்கு யார் கையில் என்பதைப் பற்றியது. கேரி என்ற மாமனிதருக்கே நேர்ந்தது, எங்கள் ஊரில் என் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நேர்ந்தது பெரிய அதிசயம் இல்லை.

இதே கேரிதான் 1806இல் இன்னொரு யோசனை சொன்னார். எல்லாச் சபைப் பிரிவுகளையும் சேர்ந்த மிஷனரிகள் 1810இல் நன்னம்பிக்கை முனையில் கூடிப் பேசவேண்டும் என்று ஃபுல்லருக்கு எழுதினார். ஃபுல்லர் நல்லவர், ஆனாலும் வேண்டாம் என்றார். இத்தனை வேறுபாடு உள்ளவர்கள் கூடினால் ஒற்றுமை வராது, கூடாமல் இருப்பதே மேல் என்பது அவர் எண்ணம். உலக மிஷனரி மாநாடு எடின்பரோவில் நடந்தது 1910இல். கேரி கேட்ட தேதிக்குச் சரியாக 100 வருஷம் கழித்து! "கூடினால் சண்டை வரும்" என்று பயந்து கூடாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை சில சமயம் ஒரு நூற்றாண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகவேண்டும். விரிசல் கண்டால் உடனே சிமெண்ட் பூசி மூடுகிற மேஸ்திரி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம். விரிசலின் மேல் குறுக்காக ஒரு சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டுப் போவோம். சில வாரம் கழித்து வந்து பார்ப்போம். கண்ணாடி முழுதாக இருந்தால் விரிசல் நின்றுவிட்டது, பூசலாம். கண்ணாடி உடைந்திருந்தால் உள்ளே இன்னும் அசைவு இருக்கிறது. அஸ்திவாரத்தைப் பார்க்காமல் மேலே பூசினால், பூச்சும் சேர்ந்து பிளக்கும்.

அமெரிக்க பாப்டிஸ்டுகளுக்கு அதுதான் நடந்தது. 1814இல் பிலடெல்பியாவில் வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே மிஷன் அமைப்பாகக் கூடினார்கள். அடிமைகளை வைத்திருப்பது பாவமா என்ற கேள்வியை மட்டும் பேசாமல் தள்ளிப்போட்டார்கள், ஒற்றுமை கெட்டுவிடுமே என்று. அது பூச்சு. அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற கேள்வி வந்தபோது பூச்சு பிளந்தது. 1845 மே மாதம், ஜார்ஜியா மாநிலம் ஆகஸ்டாவில் தென்மாநிலத்தார் தனியாக ஒரு கன்வென்ஷன் அமைத்தார்கள். அடிமைமுறையை ஆதரித்ததற்கும் நிறவெறிக்கும் அந்த கன்வென்ஷன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 1995இல், அதே ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரத்தில். நடுவே 150 வருஷம்! இடையில் கறுப்பு இன பாப்டிஸ்டுகள் தங்களுக்கென்று தனி அமைப்பு அமைத்துக்கொண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்தச் சபைகளில் வளர்ந்த பாப்டிஸ்ட் போதகர் என்பது பலருக்குத் தெரியாது.

ஆகவே ஒற்றுமை என்றால் வாயை மூடிக்கொள்வது அல்ல. அவர்களுக்கு அடிமைமுறை, நமக்கு ஜாதி. ஜாதி பார்த்துப் பெண் எடுத்து, ஜாதி பார்த்து உதவிக்காரரைத் தெரிந்தெடுத்து, செத்த பிறகும் கல்லறையில் வரிசை பிரிக்கிற இடத்தில் "நாமெல்லாம் ஒன்று" என்று பாடினால், கண்ணாடித் துண்டு உடைந்துகொண்டேதான் இருக்கும். அங்கே முதலில் வேண்டியது சமாதானப் பேச்சு அல்ல, மனந்திரும்புதல்.

இதற்கு எதிர்ப் பக்கமும் சரித்திரத்தில் உண்டு. இங்கிலாந்தில், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்ற பாப்டிஸ்டுகளும், தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே மரித்தார் என்ற பாப்டிஸ்டுகளும் 200 வருஷத்துக்கு மேல் தனித்தனியாக இருந்துவிட்டு 1891இல் ஒரே யூனியனில் சேர்ந்தார்கள். நம் நாட்டில் 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. ஆனால் 1970 நவம்பரில் நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது, வட இந்திய பாப்டிஸ்ட் சபைகளில் ஒரு பகுதி சேர்ந்தது. குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசி ஞானஸ்நானமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று இடைவெளி விட்டுக் கட்டினார்கள். அந்த வழி எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. இடைவெளி விட்டால் கட்ட முடியும் என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

நம் தமிழ்நாட்டுக்குள்ளேயே பாருங்கள். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். அந்த "ஸ்ட்ரிக்ட்" என்ற வார்த்தையே, திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்ற கண்டிப்பைக் குறிப்பது. ஜெஸ்ஸி 1929இல் மலைக் காய்ச்சலில் இறந்தார். அவர்களுடைய மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். அவர் வேலை செய்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பல சபைப் பிரிவுகள் சேர்ந்து தாங்குகிற நிறுவனம். பந்தியில் கண்டிப்பான வீட்டுப் பிள்ளை, வேலையில் எல்லாரோடும் தோள் சேர்ந்து நின்றார். நோயாளியின் விரலுக்கு எந்தச் சபை மருத்துவர் என்று தெரியவா போகிறது?

நாகாலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்டுகள். அங்கே ஆயுதம் ஏந்திய குழுக்கள் 1988க்குப் பிறகு தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டன. இரண்டு பக்கமும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்தவர்கள்தான். 2008இல் சபைத் தலைவர்களும் சமூகத் தலைவர்களும் நாகர் ஒப்புரவாகுதலுக்கென்று ஒரு மன்றம் அமைத்தார்கள். முதலில் கையெழுத்துக் கேட்கவில்லை. கூடி உட்காரவைத்தார்கள், சேர்ந்து ஜெபிக்க வைத்தார்கள், கோஹிமாவில் கால்பந்து ஆட வைத்தார்கள்! 2009இல் தலைவர்கள் ஒப்புரவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். எல்லாப் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் துப்பாக்கி பிடித்தவர்களே ஒரு பந்தின் பின்னால் ஓட முடியுமென்றால், ஒரு கணக்கு நோட்டுக்காகப் பிரிந்த நாம் ஏன் ஒரு மேசையில் உட்காரக்கூடாது?

மறுபடி எங்கள் ஊருக்கு வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் இரண்டு சபையும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தில் ஒருமனப்பட்டன. காம்பவுண்டுக்கு நடுவில் சுவர் எழுப்பவேண்டும்! அதற்கு வரைபடம் போட்டுத்தர, இரண்டு பக்கமும் நம்புகிற ஒரே இன்ஜினியர் நான்தான். மறுக்க வாய் வரவில்லை. அளவெடுக்கப் போனேன். உதவிக்கு வருவதாகச் சொன்ன பையன் வரவில்லை. சுவர் தங்கள் பக்கம் ஒரு அங்குலம் கூட வந்துவிடக்கூடாது என்று காவல் காக்க அப்பா ஒரு பக்கம் நின்றார், மாமா ஒரு பக்கம் நின்றார். எனக்கு வேறு வழியில்லை. டேப்பின் ஒரு முனையை அப்பா கையிலும் மறு முனையை மாமா கையிலும் கொடுத்துவிட்டு, நான் நோட்டுப் புத்தகத்தோடு நடுவில் நின்றேன்.

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. கொஞ்ச நேரம் டேப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தெரியாதது போல, "டேப்பு தொங்குது, இழுத்துப் பிடிக்கச் சொல்லு" என்றார். மாமா இழுத்துப் பிடித்தார். "இப்ப சரியா மாப்ளே?" என்று கேட்டார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு மாமா அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா, "ம்" என்றார்.

சினிமாவாக இருந்தால் இங்கே இருவரும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சுவர்க் கோடு நேரே கிணற்றின் மேல் விழுந்தது. "கிணத்துக்கு நடுவுல சுவர் எழுப்ப முடியாது, யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும்" என்றேன். இருவரும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி நான் செராம்பூர் சனிக்கிழமை மாலையைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் மாமாவிடமும் சொன்னேன். மாமா, "அவரு கணக்குக் கேட்டது தப்பில்லடா. எல்லாரு முன்னாலயும் கேட்டதுதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, இரண்டு பக்கமும் மும்மூன்று பேர் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். இரண்டு சபையின் வரவு செலவையும் ஒருவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். இரண்டாம் மாதமே ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மூன்றாம் மாதம் திரும்பி வந்தார். சபைகள் இன்றும் இரண்டுதான்; ஒன்றாகும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். சுவர் மட்டும் எழும்பவில்லை. என் வரைபடம் மாமா வீட்டுப் பரணில் கிடக்கிறது. போன வருஷம் அப்பா காலமானபோது, பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர் மாமா. கேட்டைத் தாண்டித்தான் தூக்கி வந்தார்.

நண்பர்களே, பாப்டிஸ்ட் சபைகள் எல்லாம் ஒரே அலுவலகம், ஒரே முத்திரை, ஒரே தலைவர் என்று ஆகவேண்டும் என்பது என் ஆசை அல்ல. 1905இல் லண்டனில் ஆரம்பமான பாப்டிஸ்ட் உலகக் கூட்டணியிலிருந்துகூட 2004இல் அதன் மிகப் பெரிய உறுப்பான தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன் விலகிக்கொண்டது. பெரிய கட்டடம் பிரிவைத் தடுத்துவிடாது. நம் ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவில் தம்முடையவர்கள் ஒன்றாயிருக்கவேண்டும் என்றுதான் ஜெபித்தார். எங்கே ஜெபித்தார் என்று பாருங்கள், அவர்களோடு ஒரு பந்தியில் உட்கார்ந்து எழுந்த உடனே. ஆகவே நான் கேட்பது மூன்றே காரியம்.

ஒன்று, ஒவ்வொரு ஊரிலும் பிரிந்த சபைகள் மாதம் ஒரு மாலையை ஒதுக்கட்டும். சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடட்டும். சண்டை வந்த பிறகு கூட்டுகிற கூட்டத்தில் வக்கீல் நோட்டீஸ்தான் பிறக்கும்.

இரண்டு, கணக்கை யாரும் கேட்பதற்கு முன்பே வாசித்துவிடுங்கள். கேட்டபின் வாசிக்கிற கணக்கு பதில் ஆகிவிடுகிறது. கேட்காமல் வாசிக்கிற கணக்கு சாட்சி ஆகிறது.

மூன்று, ஒரு சபையிலிருந்து ஒருவர் வந்தால் மற்ற சபை அவரைச் சிபாரிசுக் கடிதத்தோடு ஏற்றுக்கொள்ளட்டும். கல்யாணத்திலும் சாவிலும் கேட் திறந்திருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் இங்கே படித்தபோது விடுதி மொட்டை மாடியில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபக்கூட்டம் நடக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகோஸ்தே, கத்தோலிக்கர், பாப்டிஸ்ட் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். யார் என்ன சபை என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆனது. நான்கு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போனதும் அவரவர் கேட்டுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். பட்டத்தோடு அந்தப் பாயையும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊரிலும் ஒரு அப்பாவும் ஒரு மாமாவும் டேப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் நிற்க ஒரு ஆள் தேவைப்படும்.

 கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களையும் நம் கல்லூரியையும் ஆசீர்வதிப்பாராக.